தொண்டைநாதர்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும். கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. அதே ஊரில் வசிக்கும் தொண்டைநாதருக்குத் தொண்டை ஒன்றுதான்; ஐந்து பேர் கத்த வேண்டியதை அது தனியாகவே கத்திவிடும். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை.

வேலை பீங்கான் தொழிற்பேட்டையில். அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று ஆர்டருக்குத் தக்கபடி அச்சில் மண்கரைசல் ஊற்றுவார், சூளைக்கு ஏற்றுவார். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கம்பியோடு நிறுத்துகிற பொருளைச் செய்யும் ஊர், இவர் குரலைத் தெருவோடு நிறுத்த இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை.

சென்னையின் எஃப்சி அவருடைய அணி. நேரு ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் என்றால் மதியமே ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, பெரியமேட்டுக்கு நடந்தே போவார். ஆட்டம் பார்க்க அல்ல. அவர் ஆட்டம் பார்த்ததற்குச் சாட்சி கிடையாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்று, கையை வீசிக் கோஷம் எடுத்துக் கொடுப்பவர் அவர். கோல் விழுந்ததா இல்லையா என்பதை எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்சியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று சென்னையின் கோப்பை எடுத்ததே, அந்த இறுதி ஆட்டத்தை டீக்கடை டீவியில் போட்டார்கள். டீவிக்கும் முதுகைக் காட்டித்தான் நின்றார். எந்தக் கோலுக்கு என்ன பாட்டு பாடினார் என்று இன்றும் வரிசையாகச் சொல்வார். யார் அடித்த கோல் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

பாட்டு கட்டுவதும் அவருக்கு அச்சு வேலை போலத்தான். ஒரு கானா மெட்டு போதும். எந்த ஊர் அணியையும் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷத்தில் உருவம் எடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு தர்மசாஸ்திரமும் உண்டு. ரயில் விழுப்புரம் தாண்டுவதற்குள் புதுப் பையன்களுக்கு அது ஓதப்படும். எதிரணி கோல்கீப்பர் கையில் எண்ணெய் என்று பாடலாம். அவன் அம்மா வாயில் வரக்கூடாது. ரெஃபரிக்குக் கண் தெரியவில்லை என்று பாடலாம். காசு வாங்கினார் என்று பாட ஆதாரம் வேண்டும். சாதி, மதம், நிறம் மூச்! அடிபட்டுக் கிடப்பவனைச் சீண்டக்கூடாது, நடிக்கிறான் என்று உறுதியானாலொழிய. நம் அணி முன்னிலையில் இருக்கும்வரை இந்தச் சட்டம் கண்டிப்பாக அமலில் இருக்கும். சமநிலை என்றால் கொஞ்சம் தளரும். இரண்டு கோல் பின்தங்கிவிட்டால், இயற்றியவரே முதல் ஆளாக மீறுவார். ஆபாசமாகவோ இனத்தைப் பழித்தோ கோஷம் போட்டால் குற்றம் என்று இங்கிலாந்தில் 1991-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து 2012-இல் ஒன்று போட்டுப் பார்த்து, சரிப்பட்டு வராமல் 2018-இல் ரத்து செய்தது. ஒரு நாடு ஆறு வருஷத்தில் செய்ததைத் தொண்டைநாதர் ஒரே ஆட்டத்தில் முடித்துவிடுவார்: முதல் பாதியில் சட்டம், இரண்டாம் பாதியில் ரத்து.

ஏனண்ணே இப்படி என்றால், "தொண்ணூறு நிமிஷத்துல சொன்னது எதுவும் கணக்குல சேராது தம்பி. விசில் ஊதினா எல்லாம் அழிஞ்சு போச்சு" என்பார். திட்டியவரே கணக்கை அழித்துக்கொள்கிறார். திட்டு வாங்கியவரை யாரும் கேட்பதில்லை. இதைச் சொன்னால் இலக்கியத்துக்குத் தாவுவார். காளமேகம் சாமியையே ஏசிப் பாடலையா? நம்ம ஊர் சாமியைக் கிழம் என்று நினைத்துப் பாடாமல் போகப் பார்த்தவர்தானே சுந்தரர்? சாமி கோபித்துக்கொண்டதா? பொன் கொடுத்து, அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று வழியும் சொல்லி அனுப்பவில்லையா?

உண்மைதான். ஆனால் சாமி நிரந்தரப் பணியில் இருக்கிறார். எதிரணியில் ஓரமாக நின்று தடுத்தாடும் பையனுக்கு வயது இருபது, ஒப்பந்தம் ஒரு வருஷம்.

ஒருமுறை கல்கத்தா சமாசாரத்தைச் சொல்லி வைத்தேன். மோகன் பகான் ஆட்களுக்கு இறால், ஈஸ்ட் பெங்கால் ஆட்களுக்கு இலிஷ் மீன். ஜெயித்தவர்கள் தங்கள் மீனைத் தூக்கிக் காட்டி, தோற்றவர்களின் மீனைக் கேலி செய்வார்கள். தொண்டைநாதர் பொறாமையில் வெந்து போனார். இதே இரண்டு கிளப் ஆட்டத்தில்தான் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் ரசிகர்கள் மோதி 16 பேர் செத்தார்கள் என்றும் சொன்னேன். "மீனாலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிம்மதியாகி, நமக்கும் பெங்களூருக்கும் நடுவில் என்ன மீன் இருக்கிறது என்று யோசிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாம்பாரோடு வந்தார். சாம்பாரில் வெல்லம் போடுகிறவனுக்கு எதற்குக் கோப்பை என்று பல்லவி. பட்டறையிலேயே அரங்கேற்றம். அங்கே கூட வேலை செய்யும் பையன் ஒருவன் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டிவிட்டுத் திரும்பியவன். கால்பந்தோ கிரிக்கெட்டோ, அவனுக்கு எல்லாம் பெங்களூருதான். அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு, "வெல்லம் எங்களுது சரி, தண்ணியும் எங்களுதுதானே அண்ணே" என்று எடுத்துவிட்டான்.

பட்டறை அமைதியானது. தொண்டைநாதர் கையை உயர்த்தினார். "காவேரி கூடாது. சுப்ரீம் கோர்ட்டுலயே முடியாதது, ஸ்டேடியத்துல முடியாது." 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் காவிரிக்காகச் செருப்பு பறந்ததும், சென்னை கிரிக்கெட் அணியின் மிச்ச உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்குப் போனதும் அவருக்கு மறக்காத துக்கம். காவிரி வரவில்லை, கிரிக்கெட்டும் போனது.

அவருடைய சாஸ்திரம் நிஜமாகவே சோதனைக்கு வந்தது வேறொரு நாள். எதிரணி விங்கர் மணிப்பூர்க்காரர். எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவன் அவருடைய கண்ணையும் மூக்கையும் வைத்து ஒரு வார்த்தை கத்தினான். பாதிப் பேர் சிரித்தார்கள். அப்போது நாங்கள் ஒரு கோல் பின்னால். சட்டம் தளர்ந்திருக்கும் நேரம். ஆனாலும் தொண்டைநாதரின் கை இறங்கிவிட்டது.

"டேய், ஜேஜே யாருடா?"

2015, 2018 இரண்டு கோப்பையிலும் இருந்த ஜேஜே லால்பெக்லுவா மிசோரம்காரர். கூடவே இருந்த தோய் சிங் மணிப்பூர்.

"நம்ம ஆளுண்ணே."

"அவரு மூக்கு எப்படிடா இருக்கும்?"

பதில் இல்லை. அந்த வார்த்தை மறுபடி எழவும் இல்லை.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. நம் அணியில் மிசோரம்காரர் யாரும் இல்லாவிட்டால் கத்தலாமா? திரும்பி வரும்போது கேட்டேன். "கூடாதுதான். ஆனா அத அவனுக்குப் புரிய வைக்க அரைமணி ஆகும். ஆட்டம் இருபது நிமிஷந்தான் பாக்கி" என்றார். நீதி நூல் எழுதியவர்களுக்கு நேர நெருக்கடி இருந்ததில்லை.

பிறகு 2025 ஜூன் 3 வந்தது. பதினெட்டாவது சீசனில் பெங்களூரு முதல்முறையாக ஐபிஎல் கோப்பையை எடுத்தது. "ஈ சாலா கப் நம்தே" (இந்த வருஷம் கோப்பை நமதே) என்ற அவர்கள் கோஷத்தைத் திருப்பிப் போட்டே வருஷக்கணக்காகப் பிழைத்த பாட்டுத் தொழில் ஒரே ராத்திரியில் படுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸோ அந்த வருஷம் பத்து அணிகளில் பத்தாவது. காலையில் டைல்ஸ் பையன், "புதுப் பாட்டு ஏதும் இருக்காண்ணே?" என்று மரியாதையாக விசாரித்தான். தொண்டைநாதர் அன்று சூளைக்குள் தேவைக்கு அதிகமான நேரம் இருந்தார்.

அன்று சாயங்காலம்தான் சின்னசாமி ஸ்டேடிய வாசலில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் செத்தார்கள். டைல்ஸ் பையன் தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு ராத்திரி முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் ஓர் இளவட்டம் பாட்டோடு வந்தது. மெட்டு தொண்டைநாதருடையது, விஷயம் அந்தப் பதினொன்று. இப்படியும் பாடுவார்களா என்று கேட்காதீர்கள். 1958-இல் மியூனிக்கில் விமானம் விழுந்து மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் செத்ததை இன்றும் கோஷமாக்குகிற வாய்கள் இங்கிலாந்தில் உண்டு. ஹில்ஸ்பரோவில் நசுங்கிச் செத்த 97 பேரையும் அவை விடுவதில்லை. நம் ஊர் வாய் எதிலும் பின்தங்கியதல்ல.

இரண்டு வரி கேட்டார் தொண்டைநாதர். டைல்ஸ் பையன் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"போய் அவன் முன்னாடி பாடு. பாட முடியலைன்னா மெட்டத் திருப்பிக் குடு. எனக்கு வேற பாட்டுக்கு வேணும்."

இளவட்டம் பாடவில்லை. மெட்டு திரும்பி வந்தது.

இதை வைத்து அவரை நல்லவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதற்கப்புறம் ஓர் ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கியபோது ரெஃபரியின் வீட்டம்மாவைப் பற்றி அவர் பாடியதை இங்கே அச்சிட முடியாது. விசில் ஊதியதும் அழிந்துவிட்டதாக அவர் கணக்கு; எனக்கு இன்னும் அழியவில்லை. டைல்ஸ் பையன் முன்னால் செல்லுபடியான அதே சோதனையை ரெஃபரி வீட்டு வாசலில் நின்று ஏன் செய்து பார்க்கக்கூடாது என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது.

நேரு ஸ்டேடியத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் தயங்காமல் உட்காருங்கள். பாட்டு எல்லை மீறினால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். இத்தனை வருஷம் தன் குரலுக்குப் பக்கத்திலேயே இருந்ததில் காது மந்தம். கொஞ்சம் உரக்கச் சொல்லவும்.