முதுகுக் கோடு: கூதிர்காலச் சைக்கிளியலில் ஒரு மூலபாட ஆய்வு

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையிலோ சரளைத் தடத்திலோ மவுண்டன் பைக் ஓட்டிவிட்டு வருபவரைப் பின்னாலிருந்து பார்த்தால், இடுப்பில் தொடங்கிப் பிடரி வரை ஏறும் செம்பழுப்புக் கோடு ஒன்று தெரியும். இக்கோட்டைப் பற்றி அறிஞர் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (ஆய்வேடுகள் யாவும் ஏதோ ஓர் இடைவெளியை நிரப்பவே எழுதப்படுகின்றன. இவ்வளவு நிரப்பியும் இடைவெளிகள் குறையாதது ஏன் என்பதும் ஓர் இடைவெளியே.) மரபுப்படி முதலில் தொல்காப்பியத்துக்குப் போக வேண்டும். குறிஞ்சி நிலத்துக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம் என்கிறது பொருளதிகாரம். நிலம் மலை, கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். ஆகவே மழையில் நனைந்தபடி மலையில் சைக்கிள் மிதிப்பது குறிஞ்சித்திணை என்பது வெள்ளிடைமலை. யாமம் நள்ளிரவு ஆதலின் முன்விளக்கும் வேண்டும் என்க. தொல்காப்பியர் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே எனின், அவர் மறுக்கவும் இல்லை. இதைவிட மெலிந்த சான்றின்மேல் முனைவர் பட்டங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. பை, பேனா, சான்றிதழ், மதிய உணவோடு இரண்டு நாள் கருத்தரங்கங்களும் நடந்தேறியுள்ளன.

இனி வகைப்பாடு. கூதிர்காலச் சைக்கிளில் சேறு நான்கிடத்து நிற்கும்: செயினில், பிரேக்கில், முகத்தில், முதுகில். செயின் சேற்றுக்கு எண்ணெய் மருந்து. பிரேக்கைப் பொறுத்தவரை, நனைந்த ரிம்மைக் கட்டை முதலில் துடைத்து, பிறகே பிடிக்கும். தண்ணீரோடு வரும் மணல் கட்டையையும் ரிம்மையும் சேர்த்தே தேய்க்கும். டிஸ்க் பிரேக்கின் தட்டோ சக்கரத்தின் நடுவில், சேற்றுக்குச் சற்று எட்டத்தில் சுழலும். முகச்சேறு கண்ணாடி போட்டவர்களின் தனிப்பட்ட துயரம். அட்டைப்பூச்சி சேறன்று, அது தானே ஏறும். எஞ்சியது முதுகு.

முதுகுக் கோடு எவ்வாறு எழுதப்படுகிறது? பின்சக்கரத்தின் பின்பக்கத்தில் டயர் கீழிருந்து மேலாக எழுகிறது. அங்கே பிரியும் துளி, சைக்கிள் போகும் அதே வேகத்தில் தொடுகோட்டுத் திசையில் கிளம்பும். சக்கரத்தின் பின்விளிம்பில் கிளம்பியது, ஓட்டுபவர் கணக்கில் நேர்மேலே போகும். அதற்குச் சற்று மேலே கிளம்பியது முன்னோக்கிச் சாய்ந்து முதுகில் விழும். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் துளி ஏறக்குறைய 40 செ.மீ. எழும், 20 கி.மீ. வேகத்தில் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. இதன் விளைவு சாதாரணமானதன்று. மலை ஏறும்போது எவரும் ஊர்வதுபோலத்தான் போவார். துளி சீட்டின் அடியோடு நின்றுவிடும். ஆகவே கோடு முழுவதும் இறக்கத்தில் எழுதப்பட்டது. ஏற்றத்தில் பட்ட பாட்டுக்குச் சட்டையில் ஒரு புள்ளிகூடச் சான்றில்லை. உழைத்த இடத்தில் பெயர் வராமை ஆய்வு மாணவர்களுக்குப் புதிதல்ல. கட்டுரையில் நெறியாளர் பெயர்தான் முதலில் நிற்கும்.

சட்டையை ஏடாகக் கொண்டு வாசிக்கும் முறை இவ்வாறு எளிதில் பெறப்படும். படிகள் மூன்று: வெள்ளைச் சட்டைப் படி (இனி வெ.), மஞ்சள் ஜெர்சிப் படி (இனி ம.), மழைக்கோட்டுப் படி. மூன்றாவது ஒரு முறை துடைத்தால் அழிந்துபோவதால் தள்ளத்தக்கது. வெ., முதுகு, இடுப்புக்கு மேல் மூன்றாம் கொத்தைக் காண்க: புள்ளிகள் திடீரெனக் குட்டையாகின்றன; இங்கே பிரேக் பிடிக்கப்பட்டது. வெ., காலரின் உட்புறம், இடமிருந்து இரண்டாம் துளி: இங்கே பிரேக் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. இவ்விடம் ம. படியில் முதுகுப்பையால் மறைந்துபோயிற்று. பையை இறக்கியபின் கிடைக்கும் சதுர வெற்றிடத்தை ஏட்டுச் சிதைவு என்பாரும், மூல ஆசிரியரின் திட்டமிட்ட மௌனம் என்பாரும் உளர். முன்னவர் வெ. படியின் இரண்டாம் துவைப்பை ஆதாரமாகக் காட்டுவர். பின்னவர் அதே படியை, அதே துவைப்பை, கொடியில் தலைகீழாகக் காயும் நிலையில் மேற்கோள் காட்டி, கோடு பிடரியில் தொடங்கி இடுப்பில் முடிகிறது என்று சாதிப்பர். இடத்தோளில் ஒட்டிய தேயிலைத் துணுக்கு மூலத்தைச் சேர்ந்ததா, பின்னால் வந்தவர் சேர்த்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரு சாராரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிப்பதில்லை என்பதால் விவாதம் கண்ணியமாகவே நடந்துவருகிறது.

இவ்வளவும் முன்னுரை. ஆய்வுக் கேள்வி வேறு: கடைத்தெருவுக்குப் போகிற சாதா சைக்கிளுக்கு முன்னும் பின்னும் முழு மட்கார்டு உண்டு, சேற்றுக்கென்றே செய்த சைக்கிளுக்கு ஏன் இல்லை? இது வடிவமைப்பு அன்று, ஏடு பெயர்த்தெழுதியவர் பிழை என்பதே இங்கு நிறுவப்படும் துணிபு. மவுண்டன் பைக்கின் மூலப்படி கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமல்பையஸ் மலையடிவாரத்தில் உருவானது. (பெயர் ‘டம’ என்று தொடங்குவதைக் கண்டு வேர்ச்சொல் ஆய்வாளர்கள் கட்டுரை அனுப்ப வேண்டாம்.) 1970-களில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலியோர் 1930, 40-களின் தடித்த டயர் கொண்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் விட்டார்கள். அச்சைக்கிள்களுக்கு மட்கார்டு இருந்தது! கனம் குறைய அதைக் கழற்றி எறிந்தார்கள். 1976 அக்டோபரில் அங்கே முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. அச்சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்கின் சூட்டில் சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். இறங்கியதும் திரும்ப அடைக்க வேண்டும். அதனால்தான் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். இங்கே கவனிக்க வேண்டியது மாதத்தை. அக்டோபர் நமக்குக் கூதிர். அவர்களுக்குக் கோடையின் வறட்சி முடியாத மாதம். அந்தப் பாதையில் இருந்தது புழுதி. புழுதியில் விடுபட்ட மட்கார்டைப் பின்வந்த சைக்கிள் செய்வோர் மூல ஆசிரியரின் கருத்தென எண்ணி, சேறுள்ள நாடுகளுக்கும் அப்படியே பெயர்த்தெழுதினர். ஏட்டில் ஒரு வரி விடுபட்டால் விடுபட்டது என்று குறிப்பதே பதிப்பு நெறி. இங்கே விடுபட்டதையே பாடமாக்கி உரையும் எழுதிவிட்டார்கள்.

இதை மறுப்பார் கூற்று: மட்கார்டு இருந்தால் டயருக்கும் அதற்கும் நடுவே சேறு அப்பிச் சக்கரம் நிற்கும். இது வெறும் வாதமன்று. மழை பெய்த கரிசல் தடத்தில் சைக்கிளை உருட்டுபவர்கள் கண்டது: களி மட்கார்டுக்குள் ஏறி இறுகிக்கொள்ளும், குச்சி ஒடித்துக் கிண்ட வேண்டும், பத்தடி உருட்டி மறுபடி கிண்ட வேண்டும், கடைசியில் சைக்கிள் மனிதன்மேல் ஏறிப் போகும். ஆயினும் இவ்வாதம் நிரம்பாது. 2023 ஜூனில் அமெரிக்காவின் கேன்சஸில் நடந்த அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தைக் காண்க. (ஜூன் கூதிர் அன்றே எனின், திணைமயக்கம் எனக் கொள்க.) அங்கே சரளைத் தடத்துக்கான கிராவல் பைக்குகளில் மட்கார்டு இல்லை; ஆனாலும் தொடக்கத்திலேயே குறுக்கிட்ட மண்பாதையில் களி ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே அப்பி, உலகின் தேர்ந்த வீரர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்தார்கள், குச்சியால் கிண்டினார்கள். ஆகவே அப்புகிற மண் மட்கார்டு இல்லாமலும் அப்பும். தெறிக்கிற மண் மட்கார்டு இருந்தால் தெறிக்காது. பெல்ஜியத்தின் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் மட்கார்டு கிடையாதே என்பது அடுத்த மறுப்பு. அங்கே பந்தயத்தின் நடுவிலேயே சேறேறிய சைக்கிளைக் கொடுத்துவிட்டு, உதவியாளர் கழுவி வைத்த இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது சைக்கிளும் கழுவ ஓர் ஆளும் உடையவர்க்கு அம்மரபு பொருந்தும்.

எஞ்சிய மறுப்பு எவரும் வாய்விட்டுச் சொல்லாதது: கோடு வேண்டும். முதுகு சுத்தமாக இருப்பவர் மலைக்குப் போனார் என்பதற்கு என்ன ஆதாரம்? கோடு, ஓட்டியவர் தாமே பார்க்க முடியாத, பிறர் பார்க்கவென்றே சுமக்கும் சான்றிதழ். பெயருக்குப் பின்னால் பட்டங்களை அடுக்கும் வழக்கத்தோடு இதற்குள்ள உறவை ஒப்பியலார் ஆராய்க. கிராவல் பைக் செய்பவர்கள் இந்த மனநிலையை நன்கறிவர். பல ஃப்ரேம்களில் பின் அச்சுக்கு மேலே மட்கார்டு மாட்டும் மரை போட்ட துளைகள் இருக்கும், மட்கார்டு இராது. பிழையை உணர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள். திருத்தம் வெளியிடும் துணிவு வரவில்லை.

அண்மைக்காலத்தில் சீட்டுக்கு அடியில் செருகிக்கொள்ளும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தகடு ஒன்று பரவியிருக்கிறது. பதிப்பு நெறியில் இதை இடைச்செருகல் என்றே கொள்ள வேண்டும். இதனால் காற்சட்டை தப்புகிறது. கோடு நடுமுதுகில் தொடங்கி, முதற்பகுதி இல்லாத குறைப்பிரதியாகக் கிடைக்கிறது. இவ்வகைப் பிரதிகளைச் செம்பதிப்பில் சேர்ப்பதா விடுவதா என்று முடிவுசெய்ய ஒரு வல்லுநர் குழு வேண்டும். குழுவுக்குப் பயணப்படியும் குன்னூரில் மூன்று நாள் தங்குமிடமும் ஏற்பாடாக வேண்டும். மழைக்காலமாதலால் உறுப்பினர்கள் காரில் வருவதே உசிதம்.