ரூபாய்க்குப் பத்துப் பைசா

கெங்குவார்பட்டியில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கதைப் புத்தகத்தைத் தொடாமலே வளர வேண்டும் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? ஒரு சட்டம், ஒரு வரி, ஒரு துறை, மாவட்டத்துக்கொரு ஆணைக்குழு, வருஷத்துக்கொரு விழா, விழாவுக்கு இருபது மாலை. இத்தனையும் சேர்ந்து உழைத்தால்தான் நடக்கும். நாம் உழைத்தோம், நடத்திக் காட்டினோம். ஆனால் தன்னடக்கம் பாருங்கள், அந்தப் பெருமையில் ஒரு துளியும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் செல்போனுக்கே கொடுத்துவிட்டோம்.

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் முட்டி மோதியதில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948-ல் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து வாங்குவது. இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி என்றால் நூலகத்தின் பங்கு நூறு ரூபாய். மஞ்சளாற்றுப் பாசனத்தில் நாற்று நட்டோ, மாந்தோப்புக்குக் காவல் இருந்தோ சம்பாதித்து, பேரூராட்சியில் வரிசையில் நின்று பணம் கட்டிய தாத்தா, தன் பேரனின் புத்தகத்துக்கும் சேர்த்தே கட்டிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் வசதி.

வரியை வாங்குவது உள்ளாட்சி, செலவழிக்க வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. வாங்கிய கைக்கும் கொடுக்கும் கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று சில மாநகராட்சிகளைக் கேட்டால் சொல்லும். நூலக வரியை வசூலித்துவிட்டு ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்த கதை பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தாயிற்று. நாம் வீட்டு வரி கட்டாவிட்டால் வீட்டு வாசலுக்கு ஆள் வரும், குடிநீர் இணைப்பு போகும். பிள்ளைகளின் புத்தகக் காசைப் பிடித்து வைத்தவர்களுக்கு என்ன போயிற்று? ஒன்றும் போகவில்லை. அடுத்த புத்தகத் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது.

அடுத்தது நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளை காலை ஒன்பது மணிச் சொச்சத்துக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் மாலை நாலு மணிச் சொச்சத்துக்கு மணியடிக்கும். அப்புறம் சிறப்பு வகுப்பு. அதற்கப்புறம் டியூஷன். சின்ன ஊர் நூலகங்கள் பலவும் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். பிள்ளை விடுபட்டு வருகிற வேளைக்கு அங்கே பூட்டு தொங்கும். சரி, லீவு நாளில் போகலாம் என்றால் பொங்கலுக்கு நூலகத்துக்கும் பொங்கல், தீபாவளிக்கு நூலகத்துக்கும் தீபாவளி. புத்தகங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாமா?

பள்ளிக்கூடத்திலேயே நூலகம் இருக்கிறதே என்பீர்கள். பீரோவும் இருக்கிறது, அதற்குப் பூட்டும் இருக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசையில். 'தொலைந்தால் யார் பதில் சொல்வது?' கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒரு கட்டம் உண்டு. கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கியவர், இன்றுவரை திருப்பித் தரவில்லை. 2022-ல் பள்ளிக் கல்வித்துறை பிள்ளைகளுக்கென்று 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பத்திரிகைகள் தொடங்கியது. நல்ல காரியம், வாழ்க. 'தேன்சிட்டு' ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்போடு பறந்துவிடும். பத்தாம் வகுப்பில் பிள்ளை மனிதப் பிறவி அல்லவே, மதிப்பெண் அல்லவா! பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்திருந்து பிடிபட்டால் வீட்டுக்கு ஆள் விடுகிற ஊரில், வாசிப்பு எங்கே போயிற்று என்று கேட்கிறோம்.

ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். மேல்நாட்டு நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த கதையை அதில் சொல்லி, புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, புழங்குவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக ஓட்டினார். காளை போன இடத்துக்கெல்லாம் புத்தகம் போயிற்று. இன்று நம்மிடம் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள். சங்கிலியைக் கழற்றிவிட்டோம், பீரோ வாங்கிவிட்டோம்.

நூலகம் திறந்திருக்கிற நல்ல நாளாகப் பார்த்து உள்ளே போனாலும் பிள்ளைக்கு இடம் ஏது? ஒரு பக்கம் செய்தித்தாளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்திருக்கும் பெரியவர்கள். மறுபக்கம் குரூப் 4-க்குப் படிக்கும் அண்ணன்மார், அக்காமார். அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. வேலை கொடுக்காத அரசு, வேலைக்குப் படிக்க நாற்காலியாவது கொடுக்கிறது. பெண் பிள்ளை என்றால் கதை இன்னும் சுருக்கம். சாயங்காலத்தில் ஆம்பளைகள் நிறைந்த கூடம், கழிப்பறை கிடையாது, 'இருட்டின பிறகு என்ன படிப்பு?' முடிந்தது. அவள் ராத்திரி அம்மாவின் போனில் பிரதிலிபி செயலியில் நூறு அத்தியாயத் தொடர்கதையைப் படித்து முடிப்பாள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் செல் நோண்டுவது.

இதற்காக நூலகரைத் திட்டிப் பயனில்லை. ஊர்ப்புற நூலகர் பூட்டைத் திறப்பவர், கூட்டிப் பெருக்குபவர், பதிவேடு எழுதுபவர், புத்தகம் குறைந்தால் பதில் சொல்பவர், எல்லாம் அவர் ஒருவரே. காலமுறை ஊதியம் கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறவரிடம் போய், 'பதின்வயதினரை ஈர்க்கும் புதுமைத் திட்டம் என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்க ஒரு தனித் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் நம் அதிகாரிகளுக்கு உண்டு.

விழாவுக்கு வருவோம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். சாமியானாவுக்கு வெளியே வெயிலில் பிள்ளைகள். உள்ளே நிழலில் விருந்தினர். தலைவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, மு.மேத்தாவின் பெரியகுளம், வைரமுத்துவின் வடுகபட்டி, இளையராஜாவின் பண்ணைப்புரம் என்று மண்ணின் பெருமையை அடுக்குவார். அப்புறம் குரல் தழுதழுக்கும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை.' மேல்மடையை அடைத்துவிட்டுக் கடைமடை வயலைப் பார்த்து 'விளைய மாட்டேன் என்கிறதே' என்று ஒப்பாரி வைப்பது இந்தப் பக்கத்து விவசாயிக்குப் புரியும். அப்படி அழுகிறவனை என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். பிறகு 'வாசிப்பின் அவசியம்' என்று கட்டுரைப் போட்டி. முதல் பரிசு ஓர் எவர்சில்வர் தட்டு.

படிக்காத பிள்ளைகளா? 2022-ல் 'பொன்னியின் செல்வன்' சினிமாவாக வந்தபோது ஐந்து பாக நாவல் கடைகளில் பறந்தது. வாங்கியவர்கள் எல்லாம் ஓய்வூதியர்களா? பிள்ளைக்கு ஆசை வந்தால் இரண்டாயிரம் பக்கம் ஒரு பொருட்டே இல்லை. கெங்குவார்பட்டிக்குப் பக்கத்து டவுன் வத்தலக்குண்டு. பி.ஆர். ராஜமையர் அந்த ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. பி.எஸ். ராமையா அந்த ஊர். 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பாவும் அந்த ஊரோடு வளர்ந்தவர். தன் புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் விற்றவர். காளையை அடக்குகிற கதையை இந்தப் பக்கத்துப் பையனிடம் நீட்டினால் வேண்டாம் என்பானா? நீட்ட ஆளில்லை. கேட்கவும் ஆளில்லை, எந்தப் புத்தகம் வேண்டும் என்று பதின்வயதுப் பிள்ளையிடம் கேட்டு வாங்குகிற வழக்கமே நம்மிடம் இல்லை. காமிக்ஸ் கேட்டால் 'அதெல்லாம் புத்தகமா?' என்கிறவர், 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் போர்வைக்குள் படித்தவர். ராஜேஷ்குமார் நாவலை பஸ் ஸ்டாண்டில் வாங்கி, அட்டையை மடித்து மறைத்தவர். தனக்குக் கிடைத்த சுகத்தைப் பிள்ளைக்கு மறுப்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஒழுக்கம்.

கம்பத்தைத் தாண்டி மலையேறினால் குமுளி. அந்தப் பக்கம் பி.என். பணிக்கர் 1945-ல் ஊர் நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார். இன்று கேரளத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களை அந்தந்த ஊர் உறுப்பினர்களே தேர்தல் வைத்து நடத்துகிறார்கள். அரசு மானியம் தருகிறது. அங்கேயும் செல்போன் இருக்கிறது, டவரும் இருக்கிறது. நாமோ கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த வருஷமே மருத்துவமனை ஆக்கப் பார்த்தவர்கள். நீதிமன்றம் குறுக்கே நின்றது. அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கும் விட்டுப் பார்த்தோம். 2023-ல் மதுரையில் பிரம்மாண்டமாக ஒன்று வந்தது, நல்லது. அங்கே பஸ் பிடித்துப் போக வேண்டும். அதற்குச் சிறப்பு வகுப்பு லீவு விட வேண்டும்.

ஆகவே தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒரு வாசிப்புப் பயிற்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. குடிமக்கள் யாரும் கேட்கலாம். வயது வரம்பு எதையும் அதில் எழுதவில்லை. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம், கெங்குவார்பட்டி என்று எழுது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நூலக வரியாக வசூலான தொகை எவ்வளவு? அதில் ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில்? இன்னொரு தாளில் மாவட்ட நூலக ஆணைக்குழுவைக் கேள்: வாங்கிய புத்தகங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கேட்டு வாங்கியவை எத்தனை? முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவர்களுக்குப் பெருமை, உனக்கும் சந்தோஷம். இல்லையென்றால் அடுத்த நவம்பரில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடு. தலைப்பை அவர்கள் தருவார்கள். நீ மேடையேறி, மைக்கைப் பிடித்து, வந்த பதிலை வரி விடாமல் வாசி. எவர்சில்வர் தட்டு கிடைக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று அந்த மேடையில் இன்னொரு முறை சொல்ல எவருக்கும் வாய் வராது.