சிவப்புத் திரையியல்: எடிட்டிங் கணினி மாற்றமும் கோடெக் நிலையாமையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு இது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ ஒன்று விண்டோஸ் கணினியை ஓரங்கட்டிவிட்டு மேக் வாங்குகிறது. பல வருடம் எடியஸில் வேலை பார்த்த கை, எடியஸ் மேக்கில் ஓடாது என்பதால் டாவின்சி ரிசால்வுக்கு மாறுகிறது. டிஸ்க்கை மாட்டி டைம்லைனைத் திறந்தால் முகூர்த்தம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் திரை: ‘மீடியா ஆஃப்லைன்’. ஃபைல் இருக்கிறது, பெயர் சரி, அளவும் சரி. கெட்டிமேளம் கேட்கிறது, தாலி கட்டுவது தெரியவில்லை. செவிக்கு நடந்து கண்ணுக்கு நடவாத இந்நிலையை இக்கட்டுரை ‘அரைத் திருமணம்’ எனக் குறிக்கும்.

இது குறித்துத் துறையில் மூன்று பள்ளிகள் உள்ளன.

முதலாவது, பெயர்மாற்றுப் பள்ளி. ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள ஏவிஐயை அழித்து எம்பி4 என்று அடித்தால் தீர்ந்தது என்பர். அது பொருந்தாது. என்னை? ஏவிஐ, எம்ஓவி, எம்பி4 என்பன வெறும் கொள்கலன்கள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே கோடெக். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் வைத்திருக்கும் வீடுகளில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கொள்கலனுக்குள் நான்கெழுத்துக் குறி ஒன்று இருக்கும். மென்பொருள் நம்புவது அதைத்தான். இப்பள்ளியார் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. எச்.265 படத்துக்கு ‘எச்விசி1’, ‘எச்இவி1’ என இரு குறிகள் வழங்குகின்றன. முன்னது இருந்தால் ஆப்பிளின் குயிக்டைம் பிளேயர் திறக்கும், பின்னது இருந்தால் கைவிரிக்கும். படம் என்னவோ ஒன்றுதான். எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவியில் ஒரே வரிக் கட்டளையால், மறுபடி என்கோட் செய்யாமலே, பெரும்பாலும் குறியை மாற்றிவிடலாம். ஆக, பெயர் மாற்றுவது தவறன்று. வெளிப்பெயரை மாற்றுவதே தவறு என்க.

இரண்டாவது, வி.எல்.சி. பள்ளி. ‘வி.எல்.சி.ல ஓடுதே சார், அப்ப ஃபைல் நல்லாத்தானே இருக்கு?’ என்பது இவர்களின் ஒரே சூத்திரம். அதுவரை உண்மை, ஃபைல் நல்லாத்தான் இருக்கிறது. வி.எல்.சி. தனக்கு வேண்டிய டீகோடர்களைத் தன்னோடே கொண்டுவருகிறது. அவற்றை எடிட்டிங் மென்பொருளுக்கு இரவல் தருவதில்லை. தவிர, பிளேயருக்கு முன்னோக்கி ஓடத் தெரிந்தால் போதும். எடிட்டர் பின்னால் போவார், நடுவில் குதிப்பார், ஒரே ஃபிரேமில் நின்று மாப்பிள்ளையின் முகத்தை ஆராய்வார். கேமரா பதியும் எச்.264 பெரும்பாலும் முழு ஃபிரேமை எப்போதாவதுதான் வைக்கும்; இடையில் இருப்பதெல்லாம் முந்தைய, பிந்தைய ஃபிரேம்களிலிருந்து மாறியது என்ன என்ற கணக்கு மட்டுமே. முடிச்சு விழும் ஒரு ஃபிரேமைக் காட்ட, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஃபிரேம்களையும் கணினி கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கோடெக் பேக் பள்ளி. இணையத்திலிருந்து மூட்டையாக இறக்கி நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, கைகூப்பிக் காத்திருப்பர். அம்மூட்டைகள் விண்டோஸ் பிளேயர்களுக்கானவை. ரிசால்வ் அவற்றை ஏறெடுத்தும் பாராது. மேக்கில் இப்பள்ளிக்குக் கிளையே கிடையாது.

இனி எம் கோள். மூவரும் குற்றத்தைப் புதுக் கணினியின் மேல் சுமத்துகிறார்கள். ஆராய்ந்தால் விசித்திரப் பிராணி பழைய கணினிதான். அதில் எப்போதோ வேலைக்கு இருந்து நின்றுபோன பையன் போட்ட கோடெக், டிரயல் மென்பொருளோடு ஒட்டிவந்த கோடெக், எடியஸ் தன்னோடு கொண்டுவந்த கனோபஸ் எச்க்யூ எனப் பல படிந்திருக்கும். யாரும் பட்டியல் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் ‘நல்லா ஓடிச்சு’. கனோபஸ் என்பது எடியஸைப் பெற்ற கோபே நகரத்து ஜப்பானிய நிறுவனம். பிறகு அது கிராஸ் வேலியின் கைக்குப் போனது. அந்தக் கோடெக்கில் ரெண்டர் செய்து ஏவிஐயாக வைத்த ரிசப்ஷன், அதை அறியாத கணினிக்கு வெறும் எண் குவியல்.

வரலாறும் எமக்குச் சாட்சி. 2016இல் ஆப்பிள் விண்டோஸுக்கான குயிக்டைமைக் கைவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதால் நீக்கிவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே எச்சரித்தது. 2019இல் மேக்கின் கேடலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களையும், அவற்றோடு குயிக்டைம் 7ஐயும் பல பழைய கோடெக்குகளையும் வெளியேற்றியது. புதுக் கணினி இந்தத் தீர்ப்புகளுக்குப் பின் பிறந்தது. பழையதோ, இன்டர்நெட் இல்லாத மூலையில், எந்தத் தீர்ப்பும் காதில் விழாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கே மாறுவோர் இதைப் படித்து மகிழ வேண்டாம். இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.265இல் பதிகின்றன. இதை விரிக்கும் வன்பொருள் என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது; இன்டெலின் உள்ளமை கிராபிக்ஸில் 11ஆம் தலைமுறையிலேயே இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கணினி அசெம்பிள் செய்பவர், விலை கொஞ்சம் குறைகிறதே என்று பெயர் ‘எஃப்’ என முடியும் இன்டெல் சிப்பை வாங்குகிறார். ‘எஃப்’ என்றால் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. அதில் மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு கொடுத்துப் பழைய வரிசைக் கார்டு ஒன்றை மாட்டி, ஊர்வலக் குதிரை ஏன் திக்கித் திக்கி நடக்கிறது என்று வியக்கிறார்.

தீர்வு ஒன்றே: பழைய கணினியை ஃபார்மட் அடிக்காதே. முடியாத வேலைகளை எல்லாம் அதிலேயே, அது உயிரோடிருக்கும்போதே, இருபுறமும் புரியும் இடைநிலைக் கோடெக்குக்கு மாற்றிவிடு. ஆப்பிளின் புரோரெஸும் அவிடின் டிஎன்எக்ஸ் குடும்பமும் இதற்கென்றே வந்தவை. ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருப்பதால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். தரம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். கேமரா விட்டதை எந்தக் கோடெக்கும் திருப்பித் தராது. இடமும் பிடிக்கும்: 25 ஃபிரேம் ஃபுல் எச்டியில் புரோரெஸ் 422க்கு மணிக்குச் சுமார் 55 ஜிபி. மூன்று கேமரா ஆறு மணி நேரம் ஓடியிருந்தால் 990 ஜிபி; ஒரு டெராபைட் டிஸ்க்கில் சாந்தி முகூர்த்தத்துக்குக்கூட இடமிராது. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்வது உத்தமம். என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட் 32 ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டாலே மறுத்துவிடும். பழைய கணினி ஏற்கெனவே காயலான் கடைக்குப் போய்விட்டதெனில், எஃப்எஃப்எம்பெக்கைச் சரணடைக. கனோபஸ் எச்க்யூவையும் படிக்கத் தெரிந்த மகான் அது.

ஆய்வின்போது பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில் எழுப்பிய வினாவையும் பதிவு செய்தல் கடன்.

‘தம்பி, பொண்ணுக்கு வளைகாப்பே வந்துருச்சு. கல்யாண கேசட் இன்னும் வரலையே?’

‘கோடெக் பிரச்சினைங்க சார்.’

‘அவரு யாரு, கேமராமேனா?’

முடித்த வேலை பென்டிரைவில் போயிற்று, எச்.265 என்பதால் அவர் வீட்டுப் பழைய டிவியில் ஓடவில்லை. டிவிடியாகப் போட்டுத் தரச் சொன்னார். ஸ்டுடியோக்காரர் உற்சாகமாக ஒப்புக்கொண்டார். புது மேக்கில் டிவிடி டிரைவ் இல்லை என்பது அதன் பிறகே கண்டறியப்பட்டது. அது பழைய கணினியில் இருக்கிறது.