மழை பெய்ததற்கு மன்னிப்பு

பெறுநர்: செயலாளர் அவர்கள், உணவு மற்றும் பொது விநியோகத் துறை, கிருஷி பவன், புது தில்லி.

அனுப்புநர்: தார்ச்சாலையில் காயும் நெல்லுக்குக் காவல் இருப்போர், இலுப்பூர் வட்டாரம், புதுக்கோட்டை மாவட்டம்.

பொருள்: மழை பெய்தமைக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நெல் கொள்முதலுக்கு ஈரப்பத உச்சவரம்பாகத் தாங்கள் வைத்திருக்கும் 17 சதவீதம்.

ஐயா,

இலுப்பூர்ப் பக்கம் மழை பெய்துவிட்டது. துறைக்கு முன்கூட்டியே தெரிவித்து அனுமதி வாங்காமல் பெய்தது தவறுதான். ஆனால் இந்தத் தவறைச் செய்த வடகிழக்குப் பருவமழைக்கு இது பழைய பழக்கம். குறுவை அறுக்கும் அக்டோபரில் தொடங்கும்; சில வருடம் சம்பா அறுக்கும் தை மாதத்தில்கூட ஒரு நடை வந்துவிட்டுப் போகும். 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் அப்படித்தான் வந்தது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் கதிர் சாய்ந்து, வயலிலேயே நெல் முளைத்தது.

இலுப்பூர் எங்கே இருக்கிறது என்று தாங்கள் வரைபடத்தில் தேட வேண்டியிருக்கலாம். காவிரி டெல்டா இல்லை. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்தது: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. இலுப்பூரைச் சுற்றியுள்ள அன்னவாசலும் விராலிமலையும் அதில் இல்லை. இங்கே கண்மாய், குளம், போர். மழை வந்தால் குளம், வராவிட்டால் போர், கரண்ட் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. வருடம் முழுக்க வற்றாத குளம் என்றால் பக்கத்துச் சித்தன்னவாசலில் ஒன்று உண்டு. தாமரை, மீன், யானை, எருமை எல்லாம் இருக்கும். குகையின் கூரையில் தீட்டிய ஓவியம் அது.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை பக்கம் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். 14,400 கோடி ரூபாய்த் திட்டம். அந்தத் தண்ணீர் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் நிறையும் நாளில் இன்னொரு கடிதம் எழுதப்படும்.

ஆக, இந்த வட்டாரத்து விவசாயி பத்து மாதம் தண்ணீர் இல்லை என்று மனு எழுதுகிறார். மீதி இரண்டு மாதம், அவருடைய நெல்லில் தண்ணீர் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படுகிறார்.

தங்கள் 17 சதவீதத்தின் மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை இல்லை. ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். இது இலுப்பூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். நெல்லைப் பல்லில் கடித்து, 'நொறுக்' என்று உடைகிறதா, நசுங்குகிறதா என்று பார்த்தே காய்ச்சல் சொல்லுகிற ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். சிக்கல் எண்ணில் இல்லை. அக்டோபரில் வானம் வெளுத்துக் கிடக்கும் பஞ்சாபுக்கும், அதே அக்டோபரில் வானம் இடிந்து விழும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எண் என்பதில் இருக்கிறது. பஞ்சாப் நெல் வெயிலில் அறுபடுகிறது. இங்கே இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கிற அரை நாளில், பெல்ட் வண்டி கிடைத்தவுடன் அறுக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, அரி காயவிட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் நெல்லுக்கு நாலு வெயில் கிடைத்துவிடும். இப்போது வண்டி காலையில் இறங்கினால் மதியம் நெல் குவிந்துவிடுகிறது. ஈரம் 20, 22 என்று நிற்கிறது. களம் போதாதவர்களுக்குத் தார்ச்சாலைதான் களம். ஒருபக்கம் நெல், மறுபக்கம் பஸ், நடுவில் தார்ப்பாயோடு ஒரு ஆள்.

கணக்கு ஒன்றையும் பணிவோடு சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள நூறு கிலோ நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் எடை ஏறக்குறைய 94 கிலோ. ஆறு கிலோ தண்ணீர் ஆவியாகிவிடும். 2025–26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் வைத்தது. மாநில அரசு 131 சேர்த்து 2,500 ஆக்கியது. அப்படியென்றால் வெயிலுக்குப் போன தண்ணீரின் விலை சுமார் 150 ரூபாய், மாநிலம் தந்த ஊக்கத்தொகையைவிட அதிகம். அதுகூட நியாயம்தான், தண்ணீருக்கு யாரும் காசு தர வேண்டாம். காயவைக்க வெயில் வேண்டும் என்பது ஒன்றுதான் வேண்டுகோள். அதை எந்தத் துறையிடம் கேட்பது என்று தெரியாததால் தங்களுக்கு எழுதப்படுகிறது.

இனி, குழு.

மழை பெய்தால் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும்: 22 சதவீதம் வரை வாங்க அனுமதி வேண்டும். டெல்லி உடனே நம்பிவிடாது, நம்பவும் கூடாது. குழு அனுப்பும். குழு வந்து குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் படம் எடுப்பார்கள், மாதிரி பையில் போடப்பட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதற்குள் வெயில் அடித்திருந்தால் நெல் தானாகவே 17க்கு வந்திருக்கும், அடிக்காவிட்டால் முளைத்திருக்கும். இரண்டு நிலையிலும் உத்தரவால் பயனில்லை. 2022 அக்டோபரில் 22 கேட்டதற்கு 19 கிடைத்தது, காய்கறிக் கடைப் பேரம் போல. 2025 அக்டோபரிலும் குழுக்கள் வந்தன. நவம்பரில் முடியாது என்று பதில் வந்தது. மழை பெய்ததா என்று பார்க்க வந்தவர்கள் நனைந்தார்களா என்ற விவரம் கோப்பில் இல்லை.

வேடிக்கை இதற்கு அப்புறம்தான். ஈரம் அதிகம் என்று திருப்பப்பட்டு, சாலையில் இரண்டு நாள் காய்ந்து, ஒருவழியாக 17க்குள் வந்து, 40 கிலோ சாக்கில் தைக்கப்பட்டு ஆலைக்குப் போகிற இந்த நெல்லுக்கு அங்கே என்ன நடக்கிறது? ரேஷன் கடைக்குப் புழுங்கல் அரிசியாகப் போக வேண்டியது என்றால், ஆலைக்காரர் முதல் வேலையாக அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார். பிறகு அவித்து, மறுபடி காயவைக்கிறார். காயவைக்க அவரிடம் இயந்திரம் இருக்கிறது. அந்த இயந்திரம் ஆலையில் இருக்கலாம், கொள்முதல் நிலையத்தில் இருக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

வியட்நாமின் மீகாங் பகுதியில் வியாபாரிகள் படகோடு வயலோரம் வந்து பச்சை நெல்லையே வாங்கிப் போகிறார்கள். காயவைப்பது ஆலையின் வேலை. தாய்லாந்தில் 15 சதவீதத்துக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு கழிவு. ஈரமாக இருந்தால் விலை குறையும், வாசல் மூடாது. இரண்டும் அரிசி ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாடுகள்.

அதிகாரி வரும்வரை நெல் காத்திருப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அமானி என்று ஒரு முறை இருந்தது. விளைச்சலில் சர்க்காருக்குப் பங்கு. அதனால் சர்க்கார் ஆள் வந்து பார்க்காமல் அறுக்கவோ அள்ளவோ கூடாது. ஆள் வருவதற்குள் கதிர் உதிர்ந்தாலும் சரி, மழையில் நனைந்தாலும் சரி. 1878இல் இங்கே நிர்வாகத்துக்கு வந்த சேஷையா சாஸ்திரி, இது குடியானவருக்கும் உதவாது, கஜானாவுக்கும் உதவாது என்று கண்டு அமானியை ஒழித்துப் பணத் தீர்வையாக்கினார். அவருக்கு ஈரப்பதமானி கிடையாது.

வறட்சியைத் தாங்கும் நெல்லை அரசாங்கமே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா (ஆர்) 4, 2009இல் வெளிவந்தது, நூறு நாள் பயிர், இந்த மாதிரி மானாவாரிப் பூமிக்கென்றே வந்தது. ஈரத்தைத் தாங்கும் கொள்முதலையும் யாராவது வெளியிட்டால், ரகத்துக்குத் தங்கள் பெயரையே வைக்க இலுப்பூருக்கு ஆட்சேபணை இல்லை.

கேட்பது அதிகமில்லை. அக்டோபர் முதல் ஜனவரி வரை மட்டும், மழை பெய்யும் மாவட்டங்களுக்கு, ஈரத்துக்கு ஏற்ற விலைப்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே அச்சிட்டுக் கொள்முதல் நிலையத்தின் சுவரில் ஒட்டிவிடலாம். குழுவின் விமானச் செலவில் உலர்த்தும் இயந்திரம் வாங்கலாம். குழு வந்தே ஆக வேண்டும் என்றால் ஆகஸ்டிலேயே வரலாம். மழை அக்டோபரில் பெய்யும் என்ற சேதியை அப்போதே சொல்லிவிட இங்கே ஆள் இருக்கிறார்கள்.

இணைப்பு: நெல் மாதிரி, ஒரு பிடி, பிளாஸ்டிக் உறையில். தபாலில் வந்து சேர்வதற்குள் முளைவிட்டிருந்தால் வீணாக்க வேண்டாம். கிருஷி பவன் புல்வெளியின் ஓரத்தில் நட்டுவிடலாம், நூறு நாள் ரகம்தான். ஜூலையில் நட்டால் அக்டோபரில் அறுப்பு வரும். அந்த மாதம் டெல்லியில் மழை இருக்காது, பதினேழுக்குள் தாராளமாக வந்துவிடும்.