நிற்பதற்கு என்ன விலை?

எங்கள் ஊரில் எதற்கும் ஒரு விலை உண்டு. கத்தரிக்காய்க்கு உண்டு, அல்வாவுக்கு உண்டு, அரைமணி நேரம் வாதாடத் தெம்பிருந்தால் ஆட்டோவுக்குக்கூட உண்டு. விலை பிடிபடாத சரக்கு ஒன்றே ஒன்றுதான்: சும்மா நிற்பது. ஓடுகிற வண்டிக்கு ஆகும் செலவு காலையில் பெட்ரோல் பங்கிலேயே தெரிந்துவிடும். ஓடாத வண்டிக்கு எவ்வளவு என்பது, ஸ்டாண்டு போட்டு இறங்கி, ஆள் வந்து, நம்மை மேலும் கீழும் பார்த்து முடித்த பிறகே தெரியும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் செல்லப்பாண்டியன் மேம்பாலத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்குள் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல், கல்யாண மண்டபம், ஆற்றோரம் பேராச்சி அம்மன் என்று மனிதனுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. வண்டியை விட இடம் மட்டும் கிடையாது. இருக்கிற இடத்துக்கும் ஆளுக்கொரு கணக்கு. அதே ஸ்கூட்டர், அதே ஒரு மணி நேரம். ஓரிடத்தில் பத்து ரூபாய், சாலையைக் கடந்தால் இருபது. துணி எடுக்கப் போனால் இலவசம், உடம்புக்கு முடியாமல் போனால் கட்டணம். பங்காளிகள் கோர்ட்டில் கிடப்பதால் வீடு எழும்பாத காலி மனையில் நிறுத்தினால், வழக்கு முடிகிற வரைக்கும் ஒரு விலை. முடிந்துவிட்டால் இடமே இல்லை. பங்காளிகள் சமாதானம் ஆகிவிடக் கூடாதே என்று அந்தத் தெருவில் பலரும் உள்ளூர வேண்டிக்கொள்வது பேராச்சி அம்மனுக்குத் தெரியும்.

டோக்கன் கிழிக்கிற தம்பியைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். வண்டி புதுசா பழசா, கையில் பை இருக்கிறதா, பின்னால் மாமியார் இருக்கிறாரா, முகத்தில் அவசரம் எவ்வளவு என்று ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மீதிச் சில்லறைக்காக நிற்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். பணத்தை வாங்கியதும் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்வார்: "சைடு லாக் போடாதிய அண்ணாச்சி." போடாமல் போனால் என்ன ஆகும்? காலையில் வாசலோரம் விட்ட வண்டி மாலையில் ஏழு வரிசைக்கு உள்ளே, இரண்டு புல்லட்டுக்கும் ஒரு பால் வண்டிக்கும் நடுவே புதைந்து கிடக்கும். ஆதிச்சநல்லூரில் தாழி தோண்டியவர்களுக்கு இருந்த பொறுமை நமக்கும் வேண்டும். பொறுமையோடு தோண்டி வெளியே எடுத்தால், ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு. தலையில் மாட்டாவிட்டால் போலீசுக்குக் கட்ட வேண்டும், மாட்டி வந்தால் ஸ்டாண்டுக்குக் கட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. மாநகராட்சியானாலும் பேரூராட்சியானாலும், வண்டி நிறுத்தம், சந்தை, கழிப்பிடம் என்று வசூல் வருகிற இடங்களை ஏலத்துக்கு விடுவது வழக்கம். கூடக் கேட்டவருக்குக் குத்தகை. ஏப்ரலில் பிறக்கிற குத்தகைக்கு மார்ச் 31-ல் ஆயுசு முடிந்துவிடும். அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். குற்றாலத்தில் குத்தகை எடுத்தவரின் நிலைமை இன்னும் நெருக்கடி. ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால்தான் கார் வரும், கார் வந்தால்தான் காசு வரும். மேற்கே மேகத்தை விவசாயி பார்ப்பதைவிடக் கவலையோடு பார்க்கிறவர் அவர்தான். கட்டணப் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. பலகையும் இருக்கும். 'இரு சக்கர வாகனம்: ரூ.' என்பது வரை தெளிவாகத் தெரியும். அதற்கு அப்புறம் வருகிற எண்ணின்மேல் யாருக்கோ ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்கும். இறந்தவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

இலவசமாக நிறுத்தலாமே என்பீர்கள். இலவசம்தான் ஊரிலேயே விலை கூடியது. ஒரு ஆடித் தள்ளுபடியின்போது, தெருவில் விட்டால் பத்து ரூபாய் என்பதால், ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் வண்டியை விடச் சொன்னாள் வீட்டம்மா. விசில் ஊதி, வணக்கம் வைத்து, டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பில்லோடு சேர்த்துக் காட்டினால்தான் கட்டணமில்லை. பில்லுக்காக ஒரு கைக்குட்டை எடுத்தால் போதும் என்றேன். "இவ்வளவு பெரிய கடையில கைக்குட்டைக்கா பில்லு போடச் சொல்லுவிய? எவளாவது தெரிஞ்சவ பார்த்தா?" என்றாள். தெரிந்தவள் பார்த்தால் தப்பாக நினைக்காத அளவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தோம். அதற்குத் தோதாக ரவிக்கைத் துணி, அக்கா மகளுக்கு ஒரு சுடிதார். பத்து ரூபாய் மிச்சம்.

இதை ஆராய்ந்து ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப். வண்டி நிறுத்துவதைப் பற்றி மட்டும் எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதி 2005-ல் வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: இலவச இடம் என்று ஒன்று கிடையாது, அந்தச் செலவு சரக்கின் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதாவது, சிந்துபூந்துறையிலிருந்து நடந்தே வந்து சேலை எடுக்கிற ஆச்சியும் என் ஸ்கூட்டரின் நிழலுக்குச் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறாள். தெருவுக்குத் தெரு ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கிற மாதிரி விலையை ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர் வைத்தியம். 1935-ல் ஓக்லஹோமா நகரத்தில் முதல் பார்க்கிங் மீட்டர் வைத்தபோது மணிக்கு ஐந்து சென்ட், யாருக்கும் ஒரே விலை. 2011-ல் சான் பிரான்சிஸ்கோவில் தரையில் கருவி பதித்து, கூட்டம் கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும் என்று செய்து பார்த்தார்கள். உலகம் வியந்தது. எங்கள் டோக்கன் தம்பி எந்தக் கருவியும் பதிக்காமல், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு இதையேதான் செய்துகொண்டிருந்தார். ஒரே வித்தியாசம், அவரிடம் விலை கூடும், குறையாது.

வெளிநாட்டில் இந்த வம்பெல்லாம் இருக்காது என்று நினைத்திருந்த என்னைத் திருத்தியவன் அக்கா மகன். லண்டனில் வேலை. வாடகை கொடுத்து மாளாமல், அங்குள்ள வாய்க்காலில் ஓடுகிற படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டான். ஏழடி அகலம், ஐம்பத்தேழு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கணப்பு எல்லாம் உண்டு. "மகன் லண்டன்ல சொந்த வீடு வாங்கிட்டான்" என்று அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். வீடு மிதக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அவனுக்கு ஒரே புலம்பல்தான். "மாமா, படகை ஒரு ராத்திரி கட்டிப்போட எவ்வளவு ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது." அந்த நாட்டில் இரண்டாயிரம் மைல் நீர்வழிகளை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாத படகுக்காரர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது 1995-ம் வருஷத்துச் சட்டம். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் இரண்டு நாள், சில இடத்தில் ஒரே நாள். அதற்கு மேல் நின்றால் நாளுக்கு 25 பவுண்டு என்று பல துறைகளில் பலகை உண்டு, அதன்மேல் அஞ்சலி போஸ்டர் கிடையாது. லண்டனின் நடுப்பகுதியில் சில இடங்களில் முன்பதிவு செய்து ராத்திரிக் கணக்கில் கட்ட வேண்டும். தனியார் துறைக்குப் போனால் படகின் நீளத்தை அளந்து காசு, கரண்டுக்குத் தனி. நாலு மைல் தள்ளிப் போய்ப் புல்தரையில் முளை அடித்துக் கட்டினால் சல்லிக் காசு வேண்டாம், ஆனால் ஆபீசுக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு லைசென்சில் கூடுதல் கட்டணமும் வந்துவிட்டது. நின்றாலும் காசு, நிற்காவிட்டாலும் காசு.

"சில மதுக்கடைக்காரங்க, உள்ள வந்து சாப்பிட்டா கரையில சும்மா கட்டிக்கிடச் சொல்லுவாங்க மாமா" என்றான்.

"சாப்பிட்டுப் பில்லு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். சத்தமில்லை. பட்டுப்புடவை அளவுக்கு ஆகியிருக்கும்.

அக்காவின் கவலை வேறு. "சனிப்பெயர்ச்சிகூட ரெண்டரை வருசத்துக்கு ஒருக்காத்தான். இவன் பதினாலு நாளுக்கு ஒருக்கா வீட்டைத் தூக்கிட்டு அலையுதான். இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

படகை நம் பக்கம் கொண்டுவந்தால் என்ன என்று ஒருநாள் கேட்டான். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் என்று தாமிரபரணியிலிருந்து பிரிகிற வாய்க்கால்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஏழடிப் படகு உள்ளே இறங்கினால் ஆகாயத்தாமரை பிடித்துக்கொள்ளும். முளையும் வேண்டாம், கயிறும் வேண்டாம், பதினான்கு நாள் என்ன, ராமர் கணக்கில் பதினான்கு வருஷம் அப்படியே நிற்கும். கட்டணமும் கிடையாது.

நம் ஆற்றில் படகு ஓடிய காலமும் இருந்தது. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே தோணிதான். முந்தி ஏறுவது யார், பிந்தி ஏறுவது யார், காசு எவ்வளவு என்று துறையில் எப்போதும் தகராறு. அது முற்றி அடிதடியில் முடிந்ததால்தான் பாலம் கட்டும் பேச்சே எழுந்தது என்பார்கள். பாலம் கட்டினால் போகிற வருகிறவரிடம் சுங்கம் வாங்கிச் செலவை எடுக்கலாம் என்று யோசனை வந்ததாம். ஜனங்கள் தலையில் அதை ஏற்ற மனமில்லாமல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார், வீட்டு நகைகூடப் போனது என்பது ஊர் வழக்கு. 1843-ல் திறந்த அந்தப் பாலம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்தது என்றும் சொல்வார்கள். அந்த வாட்டர்லூ பாலம் 1817-ல் திறந்ததிலிருந்து 1878 வரை, நடந்து போகிறவனிடமும் காசு வாங்கிய பாலம். வளைவுகளை எல்லாம் பார்த்து எழுதிய எங்கள் ஊர், சுங்கச்சாவடியை மட்டும் பார்த்து எழுதவில்லை. உலகத்தில் காப்பியடித்தவன் அசலைவிட நல்ல மார்க் வாங்கியது அபூர்வம்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, பின்னாலேயே படகும் வந்தது. கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து, வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் மாடியில் தவித்தவர்களை இறக்கினார்கள். நோ பார்க்கிங் போர்டுகள் தண்ணீருக்கு அடியில் இருந்தன. ஸ்டாண்டுகளில் சைடு லாக் போட்ட வண்டி, போடாத வண்டி என்ற பேதமில்லாமல் எல்லாம் முங்கின. அந்தப் படகுகளிடம் யாரும் டோக்கன் கேட்கவில்லை, அவர்களும் யாரிடமும் கூலி பேசவில்லை. காசு வாங்கியே தீர வேண்டும் என்று எந்த அவசரத்துக்கும் விதியில்லை. நம் அவசரத்தைப் பார்த்துக் கைநீட்ட இரண்டு விதம் உண்டு, அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்தது, சேறு காய்ந்தது, ஸ்டாண்டும் திறந்தது. போன மாதம் வண்டியை விடும்போது டோக்கன் தம்பியிடம் சும்மா கேட்டுவைத்தேன். "தம்பி, ஐம்பத்தேழு அடியில ஒரு படகைக் கொண்டாந்து நிறுத்தினா எவ்வளவு வாங்குவிய?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நைட்டும் நிக்குமா, பகல் மட்டுமா?"

"நைட்டும்தான்."

மனையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கண்ணால் அளந்தார். "காருக்கு நாப்பது. இது நாலு காரு இடத்தைப் பிடிக்கும். நூத்தியறுபது. நைட்டுக்கு இன்னொரு நூத்தியறுபது. நீங்க நம்ம ஆளு, முந்நூறு குடுங்க அண்ணாச்சி" என்று டோக்கனைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "துடுப்புக்குத் தனி."