இரவுக்குறியும் முறுக்கு டின்னும்: அருமனை வட்டார நள்ளிரவுத் தின்பண்டத் திணையியல் – ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

தமிழர் உணவைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை அலமாரி அலமாரியாக இருக்கின்றன. காலை உணவு, விருந்து உணவு, விரத உணவு, சோழர் கால உணவு என எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் விளக்குப் போடாமல், நின்ற நிலையில், ஒரு கையால் டின்னின் மூடியைப் பிடித்தபடி மறு கையால் உண்ணப்படும் உணவை மட்டும் யாரும் சீண்டவில்லை. காரணம் எளிது. அதை உண்பவர் சாட்சி சொல்ல வரமாட்டார். காலையில் கேட்டால், 'நான் ஏழரை மணிக்கு ரெண்டு சப்பாத்தி தின்னதோட சரி' என்பார். ஏழரை மணி வரைக்கும் அது சத்தியமும்கூட.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறளில் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கினார். முன்னே தின்றது செரித்த பிறகு தின்றால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்றார். செரித்ததா என்று எத்தனை மணிக்குச் சோதிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டார். இரவு உணவு ஏழரைக்கு முடிந்தால் பத்தே முக்காலுக்குச் செரித்திருக்கும் என்று வாதாட இந்த இடைவெளி போதும். நம்மவர்கள் வாதாடுகிறார்கள்.

இக்கட்டுரையின் கருதுகோள்: நள்ளிரவில் தின்பண்டம் தின்பது பசி சார்ந்த செயலன்று. அது ஊரறியாத காதலாகிய களவொழுக்கம். எனவே அதற்கான தீர்வைக் கலோரி அட்டவணையில் தேடுவதைவிட அகப்பொருள் இலக்கணத்தில் தேடுவது நலம்.

2. களம்

அருமனை, கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்துப் பேரூராட்சி. மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் ஏறும் ரப்பர் நாடு. கேரள எல்லை கூப்பிடு தூரம். வெளியூர்க்காரர்கள் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று எழுதிவிடுவார்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் வேறு என்று இங்குள்ள பெரியவர்கள் திருத்துவார்கள். 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும் சேர்ந்தே தமிழகத்துக்கு வந்தன. ஆனாலும் நெல் விளைந்த நாஞ்சில் நாட்டுக்கு மருத மணம்; கிழங்கும் சக்கை என்னும் பலாவும் விளையும் விளவங்கோட்டுக்குக் குறிஞ்சி மணம். இந்த வேறுபாடு நம் ஆய்வுக்கு உயிர்நாடி.

3. முதல், கரு, உரி

தொல்காப்பிய மரபுப்படி குறிஞ்சியின் சிறுபொழுது யாமம். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை என்று அதற்குக் கணக்குச் சொல்வார்கள். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. கருப்பொருளில் தேன், கிழங்கு, பலா. உரிப்பொருள் புணர்தல்.

அருமனையின் மீது இதைப் பொருத்திப் பார்க்கலாம். தேனுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறது. பலா, சக்க வத்தலாகி டின்னில் இருக்கிறது. கிழங்கு, மரச்சீனியாக, அதாவது மரவள்ளியாக மாறியிருக்கிறது. தென் அமெரிக்கச் செடியான அதை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா முனைந்து பரப்பினார். பிறப்பு எதுவானாலும் திணை குறிஞ்சிதான். பெரும்பொழுதும் பிசகவில்லை. கூதிரில் மழை அடித்து ஊற்றும்போது யாரும் வெளியே போவதில்லை. டின் உள்ளேதான் இருக்கிறது. முன்பனியின் மார்கழியில் கிறிஸ்துமஸ் வருகிறது. அந்த விழாவுக்குப் பேர்போன ஊர் இது. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் பக்கத்து வீடுகளிலிருந்து எவர்சில்வர் தூக்குகளில் வந்து சேரும். சாதி, மதம் பாராமல் எல்லா வீட்டு டின்களும் நிறைந்திருக்கும் மாதம் அது. புணர்தல் என்னும் உரிப்பொருளுக்கு இதைவிட நல்ல பின்புலம் குறிஞ்சி பாடிய கபிலருக்கும் வாய்த்திருக்காது.

இங்கே தலைவன், தலைவி என்ற பேதம் இல்லை. டின்னுக்கு முன் யாவரும் தலைமக்களே.

4. மேலைநாட்டுச் சான்றுகள்

அமெரிக்காவில் பிராங்க் ஷீர் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 பேரை மங்கலான வெளிச்சத்தில், வெளியுலக நேரம் தெரியாதபடி பல நாள் வைத்துப் பசியைக் கேட்டார்கள். எப்போது தின்றார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், உடலின் உட்கடிகாரப்படி காலை எட்டு மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப்பண்டம் ஆகியவற்றின் மீதான ஆசையும் அப்படியே ஏறியது. இனிப்புக்கு முந்திரிக்கொத்து, உப்புக்கு ஏத்தங்காய் சிப்ஸ், மாவுக்கு மரச்சீனி. அவர்கள் அருமனைக்கு வந்திருந்தால் ஆய்வுக்கூடச் செலவு மிச்சமாகியிருக்கும்.

2004இல் சிகாகோவில் கரின் ஸ்பீகல் குழுவினர் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. 'இன்னும் கொண்டா' என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. கண் விழித்தவன் தின்பான் என்பதை அறிவியல் இப்படித்தான் சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1955இல், ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற மருத்துவர் இரவுணவு நோய்க்குறியை விவரித்திருந்தார். காலையில் சாப்பாடே இறங்காமை, இரவில் அடங்காத தீனி, தூக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அப்படி இருப்பவர் இக்கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுபவருக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கி வேர்த்து நடுங்கினால், அவர் களவும் செய்யவில்லை, கற்பும் கெடவில்லை. உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் ஆய்வு மற்றவர்களைப் பற்றியது.

5. களவின் தோற்றுவாய்: பகற்கட்டுப்பாடு

நலவாழ்வு நோக்கிப் புறப்பட்டவரின் ஒரு நாளைக் கவனியுங்கள். காலையில் நடை. பிறகு ஓட்ஸ். பதினொரு மணிக்கு முளைகட்டிய பயறு. மத்தியானம் சோறு ஒரு கரண்டி. மீன்கறியை அவர் பார்க்கும் பார்வையில் பிரிவுத் துயர் தெரியும். நாலு மணிக்குக் கடுங்காப்பி, சர்க்கரை இல்லாமல். வீட்டார் முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டும்போது, 'எனக்கு வேண்டாம், நான் விட்டாச்சு' என்று கையை மார்புக்கு நேரே வைத்து மறுப்பார். ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி.

இவ்வளவு காலமும் அதே உடம்பு, ராத்திரியில் மரச்சீனி மசித்து மயக்கியதும் மீன்கறியும் தின்று பழகியது. ஊரார் முன்னிலையில் மறுத்த முந்திரிக்கொத்து இப்போது காதற்பொருளாகிறது. பகலில் எவ்வளவு வீறாப்பாக மறுத்தாரோ, யாமத்தில் அவ்வளவு வேகமாகத் தேடிப் போகிறார். மறுப்பின் அளவும் தேடலின் வேகமும் நேர்விகிதத்தில் அமைவதை இக்கட்டுரையின் முதல் விதியாகக் கொள்க.

6. இரவுக்குறி இடையீடு

இரவில் சந்திக்கும் இடத்தை இரவுக்குறி என்பார்கள் அகப்பொருள் நூலார். அதற்கு நேரும் தடைகளையும் அடுக்குவார்கள்: தாய் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, நிலவு வெளிப்படுதல், காவலர் கடுகுதல் என்று. இன்றைக்கு நிலவின் வேலையை ஃப்ரிட்ஜின் உள்விளக்கு பார்க்கிறது. நாய், நாயாகவே இருக்கிறது. காவலரின் இடத்தில், காலையில் ஏறி நிற்க வேண்டிய எடைமிஷின். தாய் துஞ்சாமைக்கு மட்டும் மாற்று வரவில்லை.

ஒலியியல் நோக்கில் பண்டங்கள் மூவகைப்படும். எவர்சில்வர் டின்னின் மூடி, திறக்கும்போது ஒருமுறை, கைதவறி விழும்போது ஊர் கேட்க ஒருமுறை. சிப்ஸ் கவர், மெல்லப் பிரிக்கப் பிரிக்க அதிகமாகச் சத்தமிடுவது. அச்சுமுறுக்கு, சந்திப்பு கைகூடிய பிறகு வாய்க்குள்ளிருந்தே காட்டிக்கொடுப்பது. மூன்றாம் வகைக்குச் சான்றாக இவ்வட்டாரத்து உரையாடல் ஒன்று:

"ஆருல அங்க?"

"நான்தாம்மா. வெள்ளம் குடிக்க வந்தேன்."

"வெள்ளம் என்னத்துக்குல கறுமுறுன்னு சத்தம் போடுது?"

இதற்கு மறுமொழியாக அமைவது மௌனம். பிறகு, வாயிலிருப்பது தானாகக் கரையும்வரை மெல்லாமல் நிற்றல். இந்நிலையை இலக்கணிகள் சொல்லாமல் விட்டதால் 'கரையக் காத்திருத்தல்' என்னும் புதிய துறையாக முன்மொழிகிறேன்.

சத்தமே எழுப்பாத பண்டம் மட்டிப்பழம் ஒன்றுதான். விரல் நீளமே உள்ள, நல்ல மணமுள்ள பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் காலையில் குப்பைக்கூடையில் தோல் இருக்கும். தடயமில்லாக் களவு எத்திணையிலும் இல்லை.

7. கணக்கியல்

களவில் உண்பவை எண்ணிக்கையில் சேரா. முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்வோம். வறுத்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மும்மூன்று உருண்டையாக அரிசிமாவில் முக்கி எண்ணெயில் பொரிப்பது. மூன்றும் ஒட்டி ஒரு கொத்தாக வரும். 'ஒண்ணே ஒண்ணு' தின்றவர் உண்மையில் மூன்று தின்றிருக்கிறார். உடைந்த அச்சுமுறுக்கின் துண்டுகள் எந்த முறுக்கைச் சேர்ந்தவை என்று நிறுவ முடியாததால் அவையும் விலக்கு. ஆனால் உடம்பு வேறு ஏடு வைத்திருக்கிறது. அவித்த மரச்சீனி 100 கிராமில் சுமார் 160 கலோரி. ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராமில் 500க்கு மேல். ஏழரை மணிக்கு ஒரு தட்டுக் கிழங்கை விலக்கியவர், பதினொரு மணிக்கு அதைவிடப் பெரிய கடனை வாங்கிக்கொள்கிறார்.

8. வைகறைச் சிக்கல்

அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டுபவர்கள் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கும் முன்பு பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். கிளம்புமுன் வெட்டுபவர் ஒருவர் குடிக்கும் கடுங்காப்பியும் கூடவே தின்னும் ரஸ்க்கும் நள்ளிரவுத் தின்பண்டமா?

அல்ல. இரண்டு மணிக்குப் பின் வருவது வைகறை. அது மருதத்தின் சிறுபொழுது, உரிப்பொருள் ஊடல். அவர் எட்டரைக்கே படுத்து எழுந்தவர். அது அவருடைய காலை உணவு. ஆனால் அந்நிய நாட்டுக் கம்பெனிக்காக மடிக்கணினி முன் கண் விழித்திருக்கும் அவர் மகன் அதே மூன்று மணிக்கு அதே ரஸ்க்கை எடுத்தால், திணை மயங்கி, வீட்டில் ஊடல் உறுதி. பண்டமும் பொழுதும் ஒன்றே. தூக்கம் மட்டும் வேறு.

9. தீர்வு: வரைவு கடாதல்

களவைத் தடுக்க, வீட்டுக்குள் அடைத்துக் காக்கும் இற்செறிப்பு உதவாது. டின்னைப் பரணில் ஏற்றிய வீடுகளில் ஸ்டூல் இடம்பெயர்ந்ததே கண்ட பலன். இலக்கணம் காட்டும் வழி ஒன்றுதான்: காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தி அறத்தொடு நின்று, மணம் முடித்து வரைந்துகொள்ளுதல்.

அதாவது, முந்திரிக்கொத்தை நாலு மணிக் காப்பியோடு, வீட்டார் பார்க்க, தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்பது. இரவில் சப்பாத்தி நாடகத்தை விட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, பயறும் கஞ்சியுமோ, அளவான கிழங்கும் மீனுமோ வயிறு ஒப்புக்கொள்ளும்படி சாப்பிடுவது. பத்தரைக்கு விளக்கை அணைப்பது. அதற்குமேல் உண்மையாகவே பசித்தால், விளக்கைப் போட்டு, ஒரு மட்டிப்பழத்தை எல்லாரும் அறியத் தின்பது.

வெளிப்பட்ட காதலுக்கு வேகம் குறையும். ஊரறிய மணந்த முந்திரிக்கொத்தும் அப்படியே. ஒரு கொத்தோடு கை தானாக நிற்கிறது. மறைவில் மட்டும்தான் அது டின்னின் அடிவரை போகும்.

10. எஞ்சிய சிக்கல்

கற்பு வாழ்க்கையிலும், தலைவன் பரத்தையை நாடிச் செல்லும் பரத்தையிற் பிரிவு உண்டென்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. ராத்திரியில் தட்டுக்கடையிலிருந்து காற்றில் வரும் பொரோட்டா, இறைச்சி வாசனை அத்துறையின்பாற்படும். வீட்டில் எல்லாவற்றையும் முறைப்படி வரைந்துகொண்டவரும் 'ஒரு சின்ன சோலி இருக்கு, இப்ப வந்துருவேன்' என்று பைக் சாவியை எடுப்பது ஏன் என்பதை விளக்க இக்கட்டுரையின் சட்டகம் போதாது. அதற்கெனத் தனிக் களப்பணி தேவைப்படுகிறது. இரவில், பல கடைகளில், பலமுறை செய்ய வேண்டிய பணியாகையால் ஆய்வு உதவித்தொகை வேண்டப்படுகிறது, வீட்டு அனுமதியும்.