கணக்கு நோட்டில் ஒரு பருத்திக்காரி

எழுபதுகளில் மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பலருக்கு உஸ்பெக் பெண்களை நன்றாகத் தெரியும். ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போடும்போது அறிமுகமாவார்கள். பிரவுன் தாளுக்குக் காசு செலவழிப்பானேன் என்று சித்தப்பா தன் ‘சோவியத் நாடு’ இதழ்களைப் பிரித்துக் கொடுப்பார். வழவழவென்ற தாள். என் கணக்கு நோட்டில் இருந்தவள் பூவேலைக் குல்லாயும் இடுப்புவரை தொங்கும் சன்னப் பின்னல்களுமாகப் பஞ்சுக் குவியல் நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிய மார்க்குகளைப் பார்த்தும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

“எழுதப் படிக்கத் தெரியாத ஜனம்டா. இன்னிக்குப் பொம்மனாட்டிகள் டிராக்டர் ஓட்டறா!” என்பார் சித்தப்பா. பொய் இல்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன. 1966 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சரிந்த தாஷ்கண்டை சோவியத் யூனியன் முழுவதிலிருந்தும் ஆட்கள் போய்க் கட்டினார்கள். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் சாஸ்திரி அங்கே காலமானதிலிருந்து பாட்டிக்கு அந்த ஊர்ப் பேரே ஆகாது.

வழவழத் தாளில் வராத சங்கதிகள் தனி. எழுத்தறிவு கொடுத்தவர்கள் எழுத்தையே மாற்றினார்கள். அரபு எழுத்து போய் லத்தீன் வந்தது. 1940-ல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து. விடுதலைக்குப் பின் மறுபடி லத்தீன். தாத்தாவின் கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாது, ஆனாலும் பேரன் படித்தவன். 1927 மகளிர் தினத்தன்று முகத்திரையைக் கழற்றி எரிக்கச் சொன்னது கட்சி. எரித்த பெண்கள் பலரை ஊர்க்காரர்களும் உறவுக்காரர்களுமே கொன்றார்கள். நாவலாசிரியர் அப்துல்லா காதிரியை 1938-ல் சுட்டது அரசாங்கம்.

அப்புறம் பஞ்சு. ஆமு தரியா, சிர் தரியா இரண்டையும் பருத்தி வயலுக்குத் திருப்பியதில் ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. வகுப்பை மூடிவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பஞ்செடுக்க அனுப்பினார்கள். அப்படியும் மாஸ்கோ கேட்ட அளவு தேறவில்லை. வயலில் விளையாததை ஏட்டில் விளைவித்தார்கள். இல்லாத பஞ்சுக்கு மாஸ்கோ பணமும் கொடுத்தது. எண்பதுகளில் குட்டு உடைந்தபோது பிரெஷ்னேவின் மருமகன்வரை கம்பி எண்ணினார். என் கணக்கு நோட்டுக்கு அவளைவிடப் பொருத்தமான அட்டை கிடைத்திருக்காது.

சித்தப்பா சொல்லாத இன்னொன்று நம்மூர்க் கதை. 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையோடு சம்பந்தப்பட்ட மண்டையம் குடும்பத்துக்காரர். சில மாதங்களிலேயே எம்.என். ராயோடு முட்டிக்கொண்டு பதவி போயிற்று. பிற்பாடு எந்த அரசாங்கமுமே வேண்டாம் என்கிற அராஜகவாதி ஆகிவிட்டார். தாஷ்கண்டை நேரில் பார்த்தவர் ஆயிற்றே!

இப்போது உஸ்பெகிஸ்தான் தி.நகருக்கே வந்துவிட்டது. பாண்டி பஜார் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அதுவும் வழவழதான். நீலக் குவிமாடங்கள், சிம்கான் மலை ரோப் கார், அதே குல்லாய் போட்ட இன்னொரு பெண். இவள் கையில் முலாம்பழம். பஞ்சைக் காணோம்.

“ஆரல் கடல் காட்டுவீங்களாம்மா?” என்று கவுன்ட்டர் பெண்ணைக் கேட்டேன்.

கம்ப்யூட்டரில் தேடினாள். “பீச் எதுவும் பேக்கேஜ்ல இல்ல அங்கிள். சாஸ்திரி சிலை கவர் ஆகும். மூணு வேளையும் இந்தியன் சாப்பாடு.”